வீணாகும் வாக்குக்காக ஐம்பது வருசம் வாதாடிய கதரின் ஸ்பென்ஸ்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் எங்கட ஆக்கள் கூடுற இடத்தில ஒரு கதை கட்டாயம் அடிபடும். கோயில் மண்டபமாக இருக்கலாம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலாக இருக்கலாம். தான் போட்ட வோட்டு சும்மா போச்சு என்று யாராவது ஒருவர் சொல்லுவார். இது புலம்பல் மாதிரித் தெரியும். ஆனால் கணக்கைப் பார்த்தால் அவர் சொல்வது உண்மைதான்.

பிரித்தானியாவில் 2024 தேர்தலில் தொழிற்கட்சிக்குக் கிடைத்த வாக்கு 33.7 வீதம். கிடைத்த ஆசனங்களோ 650 இல் 411. 14.3 வீதம் எடுத்த ரிஃபோர்ம் கட்சிக்கு 5 ஆசனம். அதைவிடக் குறைவாக 12.2 வீதம் எடுத்த லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 72 ஆசனம். இந்தக் கட்சிகளில் எது நல்லது, எது கெட்டது என்பது வேறு பேச்சு. எண்ணிக்கை மட்டும் எனக்கு உறுத்துகிறது. தொகுதிக்கு ஒருவர், முந்தி வந்தவருக்கே எல்லாம் என்ற முறையில் இப்படித்தான் நடக்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்துச் சினந்து, அதை மாற்றுவதற்காகத் தன் வாழ்நாளில் ஐம்பது வருசத்தைக் கொடுத்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். அவுஸ்திரேலியாவில் இருப்பவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்திருக்கக்கூடும். 2001 இல் கூட்டாட்சி நூற்றாண்டுக்காக வெளியிட்ட ஐந்து டொலர் நோட்டில் வயதான ஓர் அம்மாவின் படம் இருந்தது. அவர்தான் கதரின் ஹெலன் ஸ்பென்ஸ்.

அவரும் எங்களைப் போலப் புலம்பெயர்ந்தவர். 1825 ஒக்டோபர் 31 ஆம் திகதி ஸ்கொட்லாந்தில் மெல்ரோஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். தகப்பன் டேவிட் ஸ்பென்ஸ் வசதியான சட்டத்தரணி. கோதுமை வியாபாரத்தில் பணத்தைப் போட்டு எல்லாத்தையும் இழந்தார். ஊரில் தலைகாட்ட முடியாத நிலை. 1839 இல் குடும்பத்தோடு கப்பலேறித் தென் அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது கதரினுக்குப் பதினாலு வயது. கல்லூரிப் படிப்புக்கு எடின்பரோ போகலாம் என்று இருந்த பிள்ளை, வறண்டு கிடந்த புது நாட்டில் கூடாரத்துக்குள் குடியிருந்தது. கவ்ர்ணா மக்களின் மண்ணில் அடிலெய்ட் என்ற பட்டினம் தோன்றி மூன்று வருசம்கூட ஆகவில்லை.

அங்கேதான் அவருடைய பிற்கால வாழ்க்கைக்கான வித்து விழுந்தது. 1840 இல் அடிலெய்டில் மாநகரசபை அமைந்தது. அவுஸ்திரேலியக் கண்டத்தில் மக்கள் தெரிவு செய்த முதல் நகரசபை அது. தகப்பனுக்கு அந்தச் சபையின் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. அந்தத் தேர்தலுக்கு ஒரு விசேசம் இருந்தது. 19 உறுப்பினர்கள் தெரிவாக வேண்டும். வாக்காளர்களில் 19 இல் ஒரு பங்கினர் தாங்களாகவே ஒன்றுசேர்ந்து ஒருவரை ஏகமனதாகச் சொன்னால், அவர் நேரடியாக உறுப்பினர் ஆகலாம். பெரும்பான்மை என்ன நினைத்தாலும் அதைத் தடுக்க முடியாது.

இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் ரோலண்ட் ஹில். தபால் முத்திரைக்குப் பேர்போன அதே ஹில்தான். தென் அவுஸ்திரேலியக் குடியேற்ற ஆணைக்குழுவின் செயலாளராகவும் இருந்தவர். அவருடைய தகப்பன் தோமஸ் ரைட் ஹில் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். அங்கே பெடியள் தங்களுக்குள் ஒரு குழுவைத் தெரிவு செய்யவேண்டும். யாரைப் பிடிக்குமோ அவருக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னார். ஒருவனுக்குப் பக்கத்தில் தேவைக்கு மேலே ஆக்கள் சேர்ந்தால், மிஞ்சினவர்கள் அடுத்ததாகப் பிடித்தவனிடம் போவார்கள். ஒருவனிடம் இரண்டு மூன்று பேர்தான் நின்றால், அவர்களும் வேறு ஒருவனிடம் போவார்கள். கடைசியில் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் தாங்கள் விரும்பிய ஒருவனுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். ஒருத்தருடைய வாக்கும் வீணாகவில்லை. ஒற்றை மாற்று வாக்கு என்று பிறகு பெரிய பெயர் வைத்தார்களே, அதன் அடிப்படை இவ்வளவுதான்.

அந்த நகரசபை காசில்லாமல் 1843 இல் படுத்துவிட்டது. தகப்பன் 1846 இல் இறந்தார். கதரின் பதினேழு வயதிலிருந்தே மற்றவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்தவர். பிறகு எழுதத் தொடங்கினார். 1854 இல் அவருடைய முதல் நாவல் கிளாரா மொரிசன் லண்டனில் வெளியானது. அதில் அவருடைய பெயர் இல்லை. மெல்பேர்ண் பத்திரிகைக்கு அடிலெய்ட் செய்திகளை எழுதினார். அது அண்ணனின் பெயரில் போனது. பெண் எழுதினால் போடமாட்டார்கள் என்ற காலம்.

1859 அவருடைய வாழ்க்கையைத் திருப்பிய வருசம். தோமஸ் ஹெயர் என்ற ஆங்கிலச் சட்டத்தரணி புதிய தேர்தல் முறை ஒன்றை எழுதியிருந்தார். ஜோன் ஸ்டுவர்ட் மில் அதைப் பாராட்டி ஒரு சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். அதைக் கதரின் படித்தார். சிறுவயதில் தகப்பனின் வேலையோடு பார்த்த நகரசபைத் தேர்தலின் அதே நியாயம், இப்போது ஒரு முழு நாட்டுக்கும் பொருந்தும் திட்டமாக அவர் முன்னால் இருந்தது. கையிலிருந்த நாவல் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, 1861 இல் ஹெயரின் திட்டத்தைத் தென் அவுஸ்திரேலியாவுக்கு எப்படிப் பொருத்தலாம் என்று ஒரு சிறு நூல் எழுதினார். 1865 இல் பிரித்தானியாவுக்குப் போனபோது ஹெயரையும் மில்லையும் நேரில் சந்தித்தார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இதை எழுதும்போது அவருக்கே வாக்குரிமை கிடையாது. அந்தக் காலனியில் ஒரு பெண்ணுக்கும் கிடையாது. தனக்கு இல்லாத ஒரு வாக்கை எப்படி எண்ணவேண்டும் என்று அவர் முப்பது வருசத்துக்கு மேலாகச் சண்டை போட்டார்.

அவர் கண்ட அநியாயம் என்ன? ஒரு சின்னக் கணக்காகச் சொல்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் ஐந்து தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 100 வாக்காளர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கட்சிக்கு 51, மற்றதற்கு 49. முந்தி வந்தவருக்கே எல்லாம் என்றால் முதல் கட்சிக்கு ஐந்து ஆசனமும் போகும். 245 பேர் போட்ட வாக்குக்கு ஒன்றுமில்லை. இப்போது ஐந்தையும் ஒரே தொகுதியாக்கி, ஐந்து பேரைத் தெரிவு செய்வோம். 500 வாக்கில் ஒருவர் வெல்வதற்கு 84 போதும். அதற்கு மேல் ஆறாவது ஆள் ஒருவருக்கு 84 எடுக்க முடியாது என்பதால்தான் அந்த எண். அப்போது 255 வாக்குக்கு மூன்று ஆசனம், 245 வாக்குக்கு இரண்டு ஆசனம். பெரும்பான்மை பெரும்பான்மையாகவே இருக்கிறது. சிறுபான்மைக்கும் அதன் பங்கு கிடைக்கிறது.

இனி எங்கட கதைக்கு வருவோம். அந்த ஐந்து இடங்களிலும் தொகுதிக்கு 18 பேர் வீதம் ஒரு சமூகத்தவர் சிதறி இருக்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 90 பேர். தொகுதி முறையில் அவர்கள் எந்த இடத்திலும் வெல்ல முடியாது. ஐந்து பேர் தெரிவாகும் ஒரே தொகுதியில் அவர்கள் ஒருமித்து நின்றால் 84 ஐத் தாண்டி ஒருவரை அனுப்பலாம். ஒருமித்து நிற்காவிட்டாலும் பரவாயில்லை. இலக்கம் போட்டு வாக்களித்தால், தோற்றவரின் வாக்கு அடுத்தவருக்குப் போகும். புலம்பெயர்ந்த சமூகம் ஒன்று சிட்னியில் ஒரு புறநகரத்திலோ, ஸ்காபரோவில் ஒரு வீதியிலோ மட்டும் அடங்கியிருப்பதில்லை. பிள்ளைகள் வேலைக்கும் வீட்டுக்கும் ஏற்றபடி பரவிப் போகிறார்கள். இரண்டாம் தலைமுறை பரவப் பரவ, தொகுதி முறையில் அவர்களுடைய குரல் கரைகிறது. ஸ்பென்ஸ் அம்மா எங்களை நினைத்து எழுதவில்லை. ஆனால் அவர் போட்ட கணக்கு எங்களுக்கும் பொருந்துகிறது.

நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை. கலியாணம் செய்யவில்லை, ஆனால் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை மூன்று குடும்பங்களிலிருந்து எடுத்து வளர்த்தார். அனாதைப் பிள்ளைகளை விடுதியில் அடைக்காமல் வீடுகளில் வைத்து வளர்க்கும் இயக்கத்தை 1872 இல் கரலைன் எமிலி கிளார்க்குடன் சேர்ந்து தொடங்கினார். தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார். நாங்கள் எந்தச் சட்டங்களின் கீழ் வாழ்கிறோம் என்று பிள்ளைகளுக்கு விளக்கும் பாடநூலை 1880 இல் எழுதினார். தேர்தல் சீர்திருத்தம் மட்டும் நகரவில்லை. இருக்கிற முறையில் வென்றவர்கள்தான் சபையில் இருக்கிறார்கள். அந்த முறையை மாற்ற அவர்களுக்கு என்ன அவசரம்?

1892 இல், அறுபத்தாறு வயதில், அவர் மேடையேறினார். விகிதாசாரம் என்ற வார்த்தையே சனத்துக்குத் தூக்கம் வரவைக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் பயனுள்ள வாக்கு என்று புதிய பெயர் வைத்தார். கூட்டத்துக்கு வந்தவர்களிடம் வாக்குச்சீட்டைக் கொடுத்து, இலக்கம் போடச் சொல்லி, அங்கேயே எண்ணிக் காட்டினார். இந்த முறை சாதாரண ஆக்களுக்கு விளங்காது என்று சொன்ன அரசியல்வாதிகளுக்கு அதுதான் பதில். தொழிலாளர்களும் கடைக்காரர்களும் ஒரு பின்னேரத்தில் விளங்கிக்கொண்டார்கள்.

1893 இல் அமெரிக்கா போய் சிக்காகோ உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த மாநாடுகளில் பேசினார். கிட்டத்தட்ட ஒரு வருசம் ஊர் ஊராகச் சுற்றினார். பிரித்தானியாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போய்விட்டு 1894 டிசம்பரில் திரும்பினார். அந்த மாதமே தென் அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் பெண்களுக்கு வாக்குரிமையையும், தேர்தலில் நிற்கும் உரிமையையும் ஒன்றாகக் கொடுத்தது. பெண் வாக்குரிமைச் சங்கத்தின் உபதலைவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவர் அத்தோடு திருப்திப்படவில்லை. வாக்கு கிடைத்தும் அது எண்ணிக்கையில் வீணாகப் போகுமென்றால் என்ன பிரயோசனம் என்பது அவருடைய நிலைப்பாடு. 1895 இல் பயனுள்ள வாக்குக் கழகம் உருவானது.

1897 இல் கூட்டாட்சி அரசியலமைப்பை எழுதும் மாநாட்டுக்குத் தேர்தல் வந்தது. எழுபத்தொரு வயதில் அவர் வேட்பாளராக நின்றார். அவுஸ்திரேலியாவில் தேர்தலில் நின்ற முதல் பெண் அவர். பத்து இடத்துக்கு 33 பேர் போட்டி. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு எடுத்து 22 ஆவதாக வந்தார். தோல்விதான். இன்னொன்றையும் பார்க்கவேண்டும். காலனி முழுவதும் ஒரே தொகுதி, ஒவ்வொருவருக்கும் பத்து வாக்கு. பட்டியல் போட்டு வேலை செய்யும் அணிக்கு வாய்ப்பான முறை அது. தொகுதியைப் பெரிதாக்கினால் மட்டும் நியாயம் வந்துவிடாது, எண்ணும் முறையும் மாறவேண்டும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

அவர் உயிரோடு இருக்கும்போது கண்ட ஒரே பெரிய வெற்றி பக்கத்துத் தீவில் நடந்தது. தஸ்மேனியாவில் அன்ட்ரூ இங்கிலிஸ் கிளார்க் என்ற சட்டமா அதிபர் ஹெயரின் முறையைத் திருத்தி 1897 இல் இரண்டு நகரங்களில் நடைமுறைப்படுத்தினார். 1909 இல் மாநிலம் முழுவதும் அந்த முறையில் தேர்தல் நடந்தது. இன்றுவரை அங்கே அதுதான். 1910 ஏப்ரல் 3 ஆம் திகதி கதரின் ஸ்பென்ஸ் காலமானார். அவருடைய சுயசரிதை பாதியில் நின்றது. நண்பி ஜீன் யங் அதை முடித்து வெளியிட்டார். சொந்த மாநிலத்தில் அவருடைய முறை வரவில்லை.

வராததால் என்ன ஆனது? அடிலெய்டில் 1944, 1953, 1962, 1968 ஆகிய தேர்தல்களில் தொழிற்கட்சி பாதிக்கு மேற்பட்ட ஆதரவைப் பெற்றும் ஆட்சிக்கு வர முடியவில்லை. நகரத் தொகுதிகளைவிட நாட்டுப்புறத் தொகுதிகளில் மிகக் குறைந்த வாக்காளர்களை வைத்திருந்தார்கள். கோட்டை எங்கே கீறுவது என்பவரின் கையில் முடிவு இருந்தது. மத்திய செனற் சபையில் 1946 தேர்தலுக்குப் பிறகு 36 பேரில் 33 பேர் ஒரே கட்சி. இது சரிவராது என்று 1948 இல் சட்டத்தை மாற்றி, 1949 முதல் செனற்றுக்கு ஒற்றை மாற்று வாக்கு முறையில் தேர்தல் நடத்துகிறார்கள். அவர் இறந்து முப்பத்தொன்பது வருசம் கழித்து.

ஆக, அவுஸ்திரேலியாவில் வாக்களிக்கிற நாங்கள் ஒரே நாளில் இரண்டு முறையையும் பார்க்கிறோம். சின்னப் பச்சைத் தாள் தொகுதிக்கு ஒருவர். பெரிய வெள்ளைத் தாள் மாநிலத்துக்கு ஆறு பேர். 2010 இல் பசுமைக் கட்சிக்குப் பச்சைத் தாளில் 11.8 வீதம், 150 இல் ஒரே ஒரு ஆசனம். அதே நாளில் வெள்ளைத் தாளில் 13.1 வீதம், 40 இல் ஆறு ஆசனம். நாடும் ஒன்றுதான், வாக்காளரும் ஒன்றுதான். எண்ணும் முறை மட்டும் வேறு.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேணும். தொகுதிக்கு ஒருவர் என்றால் எங்கட எம்.பி. யார் என்று தெரியும். வீசா பிரச்சினை, அம்மா அப்பாவை வரவழைக்கிற பிரச்சினை என்று போய் நிற்கலாம். விகிதாசாரத்தில் பொறுப்பு நழுவும் என்கிறார்கள். இது பட்டியலை மட்டும் கட்சி தீர்மானிக்கும் நாடுகளில் உண்மை. ஸ்பென்ஸ் கேட்டது அதுவல்ல. ஐந்து ஆறு பேர் கொண்ட தொகுதி, ஆளைப் பார்த்து இலக்கம் போடும் வாக்கு. அங்கே ஒருவர் கவனிக்காவிட்டால் அடுத்தவரிடம் போகலாம். அயர்லாந்தில் நூறு வருசமாக இப்படித்தான் நடக்கிறது. ஆனால் தில்லுமுல்லுக்கு இந்த முறையிலும் இடமுண்டு. 2013 இல் விக்டோரியாவில் 0.51 வீத முதல் விருப்பு வாக்கோடு ஒருவர் செனற்றுக்குப் போனார். கட்சிகள் தங்களுக்குள் விருப்பு வாக்கைப் பரிமாறிக்கொண்டதால் வந்த வினை. 2016 இல் அந்த அதிகாரத்தைக் கட்சிகளிடமிருந்து எடுத்து வாக்காளரிடமே கொடுத்தார்கள்.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இந்த இரண்டு முறையும் புதிதல்ல. 1970 இல் 37.9 வீதம் எடுத்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு 17 ஆசனம். 36.9 வீதம் எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 91. 1977 இல் ஐ.தே.க. 50.9 வீதத்தோடு 168 இல் 140 ஐப் பிடித்தது. அதே தேர்தலில் 29.7 வீதம் எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனம்தான். ஆறரை வீதத்துக்கும் குறைவாக எடுத்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 கிடைத்து எதிர்க்கட்சியானது. வடக்கில் செறிந்து வாழ்ந்த தமிழருக்குத் தொகுதி முறை லாபம் என்று அந்த எண்ணிக்கையை வைத்துச் சொல்லலாம். ஆனால் 140 பேரோடு தனக்கு விருப்பமான அரசியலமைப்பை எழுதிய அரசாங்கத்தை அந்த 18 பேரால் தடுக்க முடிந்ததா? தன் ஆசனத்தை மட்டும் எண்ணுகிற சிறுபான்மை, மறுபக்கம் எவ்வளவு ஊதிப்போகிறது என்பதையும் எண்ணவேண்டும்.

பிறகு வந்த விகிதாசாரம் கண்டி, பதுளை மாதிரி மாவட்டங்களில் சிதறி வாழ்ந்த மலையக மக்களுக்குக் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் அது ஸ்பென்ஸின் முறையல்ல. அங்கே விருப்பு வாக்கு ஒரே கட்சிக்குள்தான். தோற்ற கட்சிக்குப் போட்ட வாக்கு வேறு யாருக்கும் மாறாது. அதனால்தான் ஒரே கட்சிக்காரர் ஒருவரை ஒருவர் வெட்டிக் குத்துகிறார்கள். விகிதாசாரம் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை விதமான முறை இருக்கிறது என்று பார்க்காமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது.

ஸ்பென்ஸ் பிறந்த ஸ்கொட்லாந்தில் 2007 முதல் உள்ளூராட்சித் தேர்தல் அவர் கேட்ட முறையில்தான் நடக்கிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மக்கள் 2005 இல் 57 வீதத்துக்கு மேல் இதே முறைக்கு ஆதரவாக வாக்களித்தும், 60 வீதம் வேணும் என்று சொல்லி அது கைவிடப்பட்டது. இந்த வாதம் முடியவில்லை. இந்த நாடுகளில் பிரஜையான எங்களுக்கும் அதில் பேச்சு இருக்கிறது. எந்தக் கட்சிக்குப் போடுவது என்று மணிக்கணக்கில் வாதாடுகிறோம். போட்டதை எப்படி எண்ணுகிறார்கள் என்று உங்கட வேட்பாளரிடம் ஒருக்கால் கேளுங்கள். விளங்காத கணக்கு என்று அவர் தட்டிக்கழித்தால், 130 வருசத்துக்கு முன்னால் ஒரு கிழவி அடிலெய்ட் மண்டபங்களில் அதை ஒரு பின்னேரத்தில் விளங்கப்படுத்தினாள் என்று சொல்லுங்கள்.